யானையின் மூச்சும் ஐதரபாத் நாய்களும்

திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் துறைமுகத்தின் வரலாற்றை எழுதியே அமைவர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் பிரித்தானியரும் இந்தத் துறையின் பொருட்டுப் பொருதியதும், 1957ஆம் ஆண்டு கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்ததும் பள்ளி மாணவரும் அறிந்த செய்திகள். ஆனால், துறைமுகத்தைச் சூழ்ந்துள்ள மாவட்டத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. மூதூரிலும் சேருவிலவிலும் கந்தளாயிலும் குச்சவெளியிலும் வயலின் எல்லை முடிகின்ற இடத்திலே காடு தொடங்குகின்றது. காடு தொடங்குகின்ற இடத்திலே யானை நிற்கின்றது. அந்த யானையின் மூச்சைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மூச்சுக்கும் வரலாறு உண்டு என்பதையும், அவ்வரலாற்றில் அதிகாரமும் அச்சமும் வறுமையும் கலந்திருக்கின்றன என்பதையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2017ஆம் ஆண்டு யூலை மாதத்தில், கொக்கிளாய்க்கு அப்பால் ஆழ்கடலில் ஒரு யானை நீந்தித் தத்தளிப்பதைக் கடற்படையினர் கண்டனர். கயிறு கட்டி, படகுகளால் இழுத்து, பல மணி நேரம் போராடி அதனைக் கரை சேர்த்தனர். சில நாட்களுக்குள் திருகோணமலைக் கடலில் மேலும் இரண்டு இளம் யானைகள் அவ்வாறே மீட்கப்பட்டன. அந்நாளில் வெளியான படங்களில் நீருக்கு மேலே தெரிந்தவை உச்சந்தலையும் உயர்த்திய தும்பிக்கையுமே. உடல் முழுவதும் நீருள் மூழ்கியிருக்க, தும்பிக்கையின் நுனி மட்டும் வானத்துக் காற்றை உள்ளிழுத்துக் கொண்டிருந்தது.

இவ்வாறு மூச்சு விடுவது எளிய செயலன்று. நீருள் அமிழ்ந்த மார்பை நீரின் அழுத்தம் நெருக்குகின்றது; உள்ளே வருகின்ற காற்றோ நீர்மட்டத்துக்கு மேலுள்ள காற்று. இந்த வேறுபாட்டினால், ஏனைய பாலூட்டிகளின் நுரையீரலைப் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வின் இரத்தக் குழாய்கள் சிதைந்துவிடக் கூடும். ஏனைய பாலூட்டிகளில் நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் இடையே சிறிது நீர் தங்கிய ஓர் இடைவெளி இருக்கின்றது. யானையில் அந்த இடைவெளி இல்லை. இணைப்பிழைகள் அதனை நிரப்பி நுரையீரலை மார்புச் சுவரோடு பிணைத்துள்ளன. தும்பிக்கையால் மூச்சிழுத்து நீந்தும் வாழ்க்கையே இவ்வமைப்புக்குக் காரணமாகலாம் என்று உடலியலறிஞர் ஜோன் வெஸ்ற் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு விளக்கம் தந்தார்.

கடலில் யானைக்குத் துணை நிற்பதாகக் கருதப்படும் இதே அமைப்பு, மயக்க ஊசி ஏற்றப்பட்ட யானைக்கு நெருக்கடியாக மாறுகின்றது. மார்புச் சுவரும் உதரவிதானமும் தடையின்றி அசைந்தால்தான் யானையின் நுரையீரல் விரிய முடியும். மயங்கிய யானை மார்பு நிலத்தில் படும்படி குப்புற விழுந்துவிட்டால், தன் உடற்பாரமே அதன் மூச்சை அடைத்துவிடும். ஆகவே, காலந் தாழ்த்தாது அதனைப் பக்கவாட்டில் சரித்துவிட வேண்டும்; தும்பிக்கை மடங்காதபடி நீட்டி வைக்க வேண்டும்; ஒருவர் அதன் நுனியருகே கையை வைத்து, வெளிவரும் காற்றை ஓயாது எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். படுத்த யானை ஒரு நிமிடத்தில் விடும் மூச்சுகள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று தவறினும் அது பொருட்படுத்தத்தக்கது.

மயங்கிய உயிரின் மூச்சைக் கவனி என்ற இந்த விதி இன்று எந்த மிருக வைத்தியருக்கும் பாலபாடம். ஆயினும், அது எளிதில் நிலைபெற்ற விதியன்று. அதன் பொருட்டு நடந்த மிகப் பெரிய விவாதங்களுள் ஒன்று, ஐரோப்பாவின் பல்கலைக்கழகம் எதிலும் அன்றி, தக்காணத்தில் நிஜாமின் தலைநகரிலே நடந்தது.

1847ஆம் ஆண்டு நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் குளோரோபோமை மயக்க மருந்தாக அறிமுகப்படுத்தினார். மூன்று மாதம் செல்லுமுன், 1848 சனவரி 28ஆம் நாள், இங்கிலாந்தின் வடபகுதியில் ஹன்னா கிரீனர் என்ற பதினைந்து வயதுச் சிறுமி, கால்விரல் நகமொன்றை அகற்றுவதற்காகக் கொடுத்த அம்மருந்தினால் சில நிமிடங்களுக்குள் இறந்தாள். மருந்தை முகர்வதற்கு முன்னரே அவள் அச்சத்தால் அழுதுகொண்டிருந்தாள் என்பதை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பின்னர் இதற்கு மீள்வோம்.

அவள் எவ்வாறு இறந்தாள்? மூச்சு நின்றதாலா, இதயம் நின்றதாலா? இந்த வினா மருத்துவ உலகை இரண்டாகப் பிளந்தது. எடின்பரோவில் ஜேம்ஸ் சைமின் வழிவந்தோர், மூச்சை மட்டும் பார்த்தால் போதும், நாடியைத் தொடவே வேண்டாம் என்றனர். லண்டனில் பலர், விரல் நாடியிலேயே இருக்க வேண்டும் என்றனர். விவாதம் நாற்பது ஆண்டுகள் நீடித்தது.

சைமின் மாணவரான எட்வர்ட் லோரி, ஐதரபாத்தில் பிரித்தானிய ரெசிடென்சியின் சத்திரசிகிச்சையாளராகவும் அங்குள்ள மருத்துவப் பள்ளியின் தலைவராகவும் விளங்கினார். தம் ஆசான் கூறியதே உண்மை என்று நிறுவும் பொருட்டு, 1888இல் நிஜாமின் ஆதரவுடன் ஓர் ஆணையம் அமைத்து, நாய்கள்மீது சோதனைகள் நடத்தினார். எல்லா நாய்களிலும் முதலில் மூச்சு நின்றது, பின்னரே இதயம் நின்றது என்பது அவர் கண்ட முடிவு. லண்டனின் ‘லான்செட்’ இதழ் இதனை ஏற்கத் தயங்கியது. உடனே நிஜாம் மீர் மகபூப் அலிகான் ஆயிரம் பவுண் வழங்கி, அவ்விதழ் தெரிவுசெய்யும் அறிஞரொருவரை அனுப்புமாறு அழைத்தார். 1889இல் லோடர் பிரண்டன் ஐதரபாத் வந்து சேர்ந்தார். நாய், குரங்கு, குதிரை, ஆடு, பூனை, முயல் என நானூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் அந்த இரண்டாவது ஆணையத்தின் மேசைமீது கிடத்தப்பட்டன. நூற்றுக்கு மேற்பட்டவற்றில் இரத்த அழுத்தம் கருவிகொண்டு பதிவு செய்யப்பட்டது. ஆபத்து மூச்சடைப்பிலும் மிகை மருந்திலுமே உள்ளது, இதயத்தில் நேரடியாக இல்லை என்பதே இம்முறையும் வெளியான தீர்ப்பு.

இவ்வாணையத்தின் சிறப்பை மறுப்பதற்கில்லை. மூச்சின் ஒவ்வொரு மாற்றத்தையும் இடையறாது கவனிக்கும் பழக்கத்தை அது வலியுறுத்தியது. குடியேற்ற நாடொன்றில் செய்யப்பட்ட ஆராய்ச்சிக்குப் பேரரசின் தலைநகரே செவிசாய்க்க நேர்ந்தது. அந்த மருத்துவப் பள்ளியில் பயின்ற ரூபாபாய் பர்தூன்ஜி, உலகின் முதற் பெண் மயக்க மருத்துவர்களுள் ஒருவராக இன்று மதிக்கப்படுகின்றார்.

எனினும், தீர்ப்பு பாதி உண்மையே. 1893இல் காஸ்கெல், ஷோர் என்னும் இருவர் குளோரோபோம் இதயத்தை நேரே தாக்குகின்றது என்று காட்டினர். 1911இல் குட்மன் லெவி பூனைகளில் செய்த சோதனை இன்னும் தெளிவானது. ஆழ்ந்த மயக்கத்தைவிட இலேசான மயக்கத்திலேயே, உடலில் அதிரினலீன் பெருகும்போது, இதயம் ஒழுங்கிழந்து துடித்து நின்றுவிடுகின்றது என்று அவர் நிறுவினார். அச்சத்தின் போது உடலே சுரக்கின்ற பொருள் அதிரினலீன். அழுதுகொண்டே மருந்தை முகர்ந்த ஹன்னா கிரீனரின் சாவுக்கு ஏற்ற விளக்கம் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரே கிடைத்தது எனலாம்.

அவ்வாறாயின் நானூறு உயிர்கள் ஏன் அந்த உண்மையைச் சொல்லவில்லை? மிகை மருந்தால் சாகும் நாயிடம், மிகை மருந்தால் எவ்வாறு சாவு நேர்கின்றது என்பதை மட்டுமே அறிய முடியும். அரைமயக்கத்தில் அஞ்சி நடுங்கும் நோயாளிக்கு என்ன நேர்கின்றது என்ற வினாவை ஆணையம் உரியவாறு எழுப்பவில்லை. ஆசானின் சொல்லை மெய்ப்பிக்கப் புறப்பட்ட ஆராய்ச்சி, அச்சொல்லுக்கு வெளியே பார்க்கவில்லை. சோதனைகளின் தொகை பெருகுவதால் மட்டும் உண்மை பெருகுவதில்லை என்பது ஆசிரியர்களும் மாணவர்களும் மறக்கலாகாத படிப்பினை.

ஓர் உயிரின் மூச்சைக்கொண்டு மற்றோர் உயிரின் மூச்சை அளக்கவும் இயலாது. 1955இல் புளோரிடாவில் ஓங்கில்களின் மூளையை ஆராய முற்பட்டோர் அவற்றுக்கு மயக்க மருந்து கொடுத்தனர். ஐந்து ஓங்கில்கள் மூச்சு நின்று இறந்தன. உறங்கும்போதும் மூச்சைத் தன் விருப்பால் இயக்கும் உயிர் அது. உணர்வு மழுங்கினால் மூச்சும் நின்றுவிடும். அதற்கேற்ற செயற்கைச் சுவாச முறை 1964இல்தான் விளக்கி எழுதப்பட்டது. நம் துறைமுகத்துக்கு வெளியே நீலத் திமிங்கிலங்கள் நீர் பீச்சுவதைக் காண்போர், அதுவும் எண்ணி விடப்படும் மூச்சே என்பதை உணரலாம்.

இன்று மூச்சையும் நாடியையும் ஒருங்கே கவனிப்பதே முறை. வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமிலவாயுவைக் கணந்தோறும் அளக்கும் கப்னோகிராப் உண்டு. இரண்டு ஒளிகளைச் செலுத்தி இரத்தத்தின் பிராணவாயுவைக் கணிக்கும் பல்ஸ் ஒக்சிமீற்றர், 1974இல் யப்பானியரான தக்குவோ அவோயாகியின் ஆய்விலிருந்து பிறந்தது. மார்பு அசைந்தாலும் போதிய காற்று உட்செல்லாதிருக்கலாம். கண் காணாத அக்குறையைக் கருவி காணும். ஆனால் கருவி வாங்கப் பணம் வேண்டும். நகரத்துச் செல்வரின் வளர்ப்பு நாய்க்குக் கிடைப்பது, மூதூர் விவசாயியின் பசுவுக்கு எளிதில் கிடைப்பதில்லை. அப்பசுவின் மூச்சுக்கு இன்றும் காவல், அருகே அமர்ந்திருப்பவரின் கண்ணும் கையுமே.

யானைக்கு வருவோம். வயலை அழிக்கும் யானையை மயக்கிப் பிடித்து வேறு காட்டில் விடுவது இலங்கையில் நெடுநாள் வழக்கம். அங்கே வைத்தியரும் உதவியாளரும் உயிரைப் பணயம் வைத்துத் தும்பிக்கையருகே மூச்சை எண்ணுகின்றனர். யானையோ அதற்கு முன்னரே வெடியோசைக்கும் துரத்தலுக்கும் அஞ்சிக் களைத்திருக்கும். அச்சம் மயக்கத்தின் ஆபத்தைப் பெருக்கும் என்பதை லெவியின் பூனைகள் நமக்குக் கற்பித்துள்ளன. இத்தனை பாடுபட்டு இடம்மாற்றிய யானைகளை, கழுத்துப் பட்டியில் பொருத்திய கருவிகளால் பின்தொடர்ந்த பிருத்திவிராஜ் பெர்னாண்டோவும் சக ஆய்வாளரும் 2012இல் தம் முடிவை வெளியிட்டனர்: சில யானைகள் திரும்பி வந்தன, சில அலைந்து திரிந்தன, சில புதிய ஊர்களில் புதிய மோதல்களை உண்டாக்கின. இடம்மாற்றம் பிணக்கைத் தீர்க்கவில்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர்.

மாண்ட மனிதருட் பெரும்பாலோர் ஏழைக் கிராமத்தவர். யானை அவர்தம் பகையன்று. காடு சுருங்கியதன் விலையை இருவரும் சேர்ந்து செலுத்துகின்றனர். ஐதரபாத்தில் மருந்தை ஆராய்ந்தோர் அச்சத்தைக் காணத் தவறியதுபோல, யானையை மயக்கி அகற்றுவோரை அனுப்பும் அதிகாரம் நிலத்தைக் காணத் தவறுகின்றது. மூச்சை எண்ணும் அக்கரங்கள் போற்றுதற்குரியன. ஆனால் அந்த யானை கண் விழித்து எழும்போது அதற்கு நிற்க ஒரு காடும், உழவனுக்கு அஞ்சாது உறங்க ஓர் இரவும் இருக்க வேண்டும். அவற்றை உண்டாக்கும் கடமை வைத்தியருடையதன்று, சமுதாயத்தினுடையது.