கரைக்கு முன்னால் ஒரு மணல்திட்டு

1971 டிசம்பர் இந்திய-பாகிஸ்தான் போரின் கடைசி நாட்களில், இன்றைய வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் கடற்கரையில் படையிறக்க வந்த 'கரியால்', 'குல்தார்' என்ற இரு கப்பல்களும் போலந்தில் கட்டப்பட்டு, 1966இல் நம் கடற்படையில் சேர்ந்தவை. துறைமுகம் இல்லாத கரையிலும் டாங்கிகளை இறக்குவதற்கென்றே உருவானவை. அடிப்பாகம் தட்டை, முகப்புக் கதவு திறந்தால் சாய்தளம் நீளும். கரையை நெருங்கும்போதே பின்பக்க நங்கூரத்தைக் கடலில் போட்டுவிடுவார்கள். இறக்கி முடித்ததும் அதன் வடத்தைச் சுருட்டிச் சுருட்டித்தான் கப்பல் மணலிலிருந்து தன்னைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும்.

பாகிஸ்தான் படை பர்மாவுக்குத் தப்பிவிடாமல் வழியடைப்பது நோக்கம். சரக்குக் கப்பலில் வந்த கோர்க்கா வீரர்கள் கடலிலேயே இந்த இரு கப்பல்களுக்கும் மாறினார்கள். கரையில் எதிர்ப்பு இல்லை. ஆனால் நீருக்குள் மணல்திட்டு இருந்தது. அதற்கும் கரைக்கும் நடுவே ஆழமான பள்ளம். திட்டில் தட்டிய கப்பலிலிருந்து முதுகுச்சுமையோடு இறங்கியவர்களில் சிலர் மூழ்கி இறந்தார்கள். கரைசேர்க்க உள்ளூர் நாட்டுப்படகுகள்தான் கைகொடுத்தன.

இந்த மரணங்களைப் போர் வரலாறு ஓரிரு வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தம். இறங்கும் கரையை முன்பே சோதித்த உதாரணம் உண்டு: நார்மண்டி படையிறக்கத்துக்கு முன்பு, 1943 டிசம்பர் 31 இரவில், இரண்டு பிரிட்டிஷ் வீரர்கள் நீந்திப் போய்க் கரைமணலைக் குழாயில் அள்ளிவந்தார்கள். டாங்கி புதையுமா என்று பார்க்கத்தான்.

தூத்துக்குடியில் இதே எச்சரிக்கை தலைமுறைகளாக நடைமுறையில் இருந்தது. முத்துக்குளிப்புக்கு முன், கடலடியில் முத்துச்சிப்பி வளரும் திட்டுகளான பார்களைச் சோதிப்பார்கள். குளியாள் கல்லின் பாரத்தில் கயிற்றோடு இறங்கி, மாதிரிச் சிப்பிகளை அள்ளிவருவார். அவற்றின் வயதும் பெருக்கமும் பார்த்தே அந்த ஆண்டு குளிப்பு உண்டா என்று அரசு தீர்மானித்தது. தொலையிரம் பார் என்று பெயர் சொன்னாலே அடியில் பாறை எங்கே, மணல் எங்கே என்று குளியாட்களுக்குத் தெரியும். கப்பல்களும் இங்கே அடக்கமாகவே நின்றன: 1974இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாகும் வரை, ஆழம் போதாமல் சில மைல் தள்ளி நங்கூரமிட்டுத் தோணிகளை நம்பியிருந்தன.

1961க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. பார்களை நேரில் கண்ட முதியவர்கள் குறைந்து வருகிறார்கள். அவர்களையும் சங்குகுளிப்பவர்களையும் படகில் அழைத்துப்போய், அவர்கள் சொல்லும் ஆழத்தையும் அடிமண்ணையும் கடல்வரைபடத்தில் குறிக்கும் வேலையைத் துறைமுகமும் கடற்படையும் சேர்ந்து இப்போதே தொடங்க வேண்டும்.