இரும்புக்கையை வரைந்த கை

குன்னூர்ப் பக்கம் எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் மழைக்காலத் துணை முத்து காமிக்ஸ்தான். அட்டை கிழிந்த ஒரே பிரதி பத்து வீடு சுத்தி வரும். 'இரும்புக்கை மாயாவி' கதை மனப்பாடம். வரைஞ்சது யாருன்னு மட்டும் தெரியாது.

1972இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே மாயாவிதான். மூலம், 1962இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் தொடங்கிய தொடர். வரைந்தவர் பார்சிலோனாக்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ (1919–1995). அன்றைய பிரிட்டிஷ் சிறுவர் வார இதழ்கள் பெரும்பாலும் ஓவியர் பெயரைப் போடுவதில்லை.

மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் தெரியும். யோசிச்சுப் பாருங்க, ஆளே தெரியாத நாயகனை எப்படி வரைவது? சூப்பர்மேனை வரைபவருக்கு மார்பும் தோளும் கேப்பும் இருக்கின்றன. பிளாஸ்கோவுக்குக் கிடைத்தது ஒரு கை. அதன் விரல்கள் மடங்கும் விதத்திலேயே கோபமும் தயக்கமும் தெரியும். மீதியை எதிராளியின் முகத்திலிருக்கும் பயமும், கறுப்பு மையில் அவர் போட்ட நிழல்களும் சொல்லிவிடும். மிஸ்ட் இறங்கினால் ஆள் தெரியாமல் குடை மட்டும் நடந்து வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். உடனே நம்பிவிட்டோம்.

வேறொருவர் வரைந்த மாயாவி கதை கைக்கு வந்தால், "இது அந்த ஆள் இல்லடா" என்போம். பெயர் தெரியாமலே கோட்டை வைத்து ஆளைக் கண்டுபிடித்தோம். அந்த ஓவியர் எவ்வளவு பெரியவர் என்பதற்கு எனக்கு அதுவே போதும். ஆனாலும் அந்தப் பெயரை நான் தெரிந்துகொண்டபோது எனக்குத் தலை நரைத்திருந்தது. அவர் போய்ச் சேர்ந்திருந்தார்.