இந்தியாவின் கோவிட்-19 தடுப்பூசித் திட்டம்: மக்களின் அனுபவமும் அச்சமும்

கோவிட்-19 தொற்றுக்கு எதிராக இந்திய அரசு 2021 ஜனவரி 16 அன்று தொடங்கிய நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம், 2022 ஜூலை 17 அன்று 200 கோடி டோஸ்களைக் கடந்தது. இந்த ஒன்றரை ஆண்டில் மக்களின் மனநிலை மூன்று கட்டங்களாக மாறியது. முதலில் ஊசிக்குத் தயங்கினார்கள். பிறகு ஊசி கிடைக்காமல் அலைந்தார்கள். கடைசியில், போட்டே தீர வேண்டும் என்ற கட்டாயத்தைக் கேள்வி கேட்டார்கள். மூன்று கட்டங்களிலும் தமிழ்நாட்டின் அனுபவத்துக்குத் தனி இடம் உண்டு.

பின்னணி

தடுப்பூசி பற்றிய தயக்கம் இந்தியாவுக்குப் புதிதல்ல. காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி 1950களில் பெருவாரியாகப் போடப்பட்டபோது, முதலமைச்சர் பதவியிலிருந்து விலகியிருந்த ராஜாஜி 1955-இல் அதை வெளிப்படையாக எதிர்த்தார். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட 4 குழந்தைகள் இறந்தன. அதன்பின் கிராமங்களுக்கே சென்று ஊசி போடும் வழக்கத்தைத் தமிழக அரசு நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றியது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியதும் வாட்ஸ்அப்பில் வதந்தி பரவி, பெற்றோர் பலர் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்தார்கள்.

இதற்கு நேர்மாறானது போலியோ சொட்டு மருந்தின் வரலாறு. 1995-இல் தொடங்கிய முகாம்கள் ஆண்டுதோறும் நடந்து, 2014-இல் இந்தியா போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அவை குழந்தைகளுக்கானவை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடும் கோடிக்கணக்கான பெரியவர்களை வரிசையில் நிறுத்தி ஊசி போடும் பழக்கம் நாட்டுக்கு அதுவரை இல்லை. “எனக்கு இது ஒத்துக்கொள்ளுமா?” என்று அவர்கள் கேட்டது அறியாமையால் அல்ல, கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது.

தயக்கம்: 2021 ஜனவரி - ஏப்ரல்

2021 ஜனவரி 3 அன்று கோவிஷீல்டு, கோவாக்சின் ஆகிய இரு தடுப்பூசிகளுக்கும் அவசரகால அனுமதி கிடைத்தது. கோவாக்சினின் மூன்றாம் கட்டப் பரிசோதனை முடிவுகள் அப்போது வெளிவரவில்லை. ‘மருத்துவப் பரிசோதனை முறையில்’ போடலாம் என்றே அனுமதி சொன்னது. அதனால் கோவாக்சின் போட்டுக்கொள்பவர்கள் தனி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. முன்களப் பணியாளர்களான மருத்துவர்களிலும் செவிலியர்களிலும்கூடப் பலர் பொறுத்துப் பார்க்கலாம் என்றிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்களே தயங்குவதைப் பார்த்த தெருவும் தயங்கியது. மார்ச் மாதத்தில் அந்த நிபந்தனை நீக்கப்பட்ட பிறகும் முகாம்களில் முதலில் எழுந்த கேள்வி, “இது எந்த ஊசி?” என்பதுதான்.

மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்களுக்கும் இணைநோய் உள்ள 45 முதல் 59 வயதினருக்கும், ஏப்ரல் 1 முதல் 45 வயது நிறைந்த அனைவருக்கும் ஊசி திறந்துவிடப்பட்டது. ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு, மக்களையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். மறுநாள் மாரடைப்பால் மயங்கி விழுந்தார். 17-ஆம் தேதி அதிகாலை இறந்தார். இதய ரத்தக்குழாயில் இருந்த அடைப்பே காரணம் என்று மருத்துவர்களும் சுகாதாரத் துறையும் விளக்கினார்கள். ஆனால் தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு ஆய்வு செய்து, மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று சொன்னது அக்டோபரில்தான். இடைப்பட்ட ஆறு மாதங்களை வதந்தி நிரப்பிக்கொண்டது. பிள்ளை பிறக்காது, இரண்டு ஆண்டில் உயிர் போய்விடும் என்ற செய்திகள் கைபேசிகளில் சுற்றின. இரண்டாவதை நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு அறிவியலர் லுக் மொன்தானியே சொன்னதாகப் பொய்யாகப் பரப்பினார்கள்.

தயக்கத்தின் விலையை மருந்துக் குப்பியின் அளவு இன்னும் கூட்டியது. ஒரு கோவிஷீல்டு குப்பியில் 10 டோஸ். திறந்தால் 4 மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்க வேண்டும். காலையில் இரண்டு மூன்று பேர் மட்டும் வந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில், அவர்களுக்காகக் குப்பியைத் திறந்தால் மிச்ச மருந்து வீணாகும்; திறக்காமல் “பத்துப் பேர் சேரட்டும்” என்று காக்கவைத்தால், தைரியத்தை வரவழைத்துக்கொண்டு வந்தவர் எழுந்து போய்விடுவார். தொடக்க மாதங்களில் தமிழ்நாட்டில் மருந்து அதிகம் வீணானதற்கு இதுவும் ஒரு காரணம்.

தட்டுப்பாடு: 2021 ஏப்ரல் - ஆகஸ்ட்

இரண்டாம் அலை நிலைமையைத் தலைகீழாக்கியது. ஆக்சிஜனுக்கும் படுக்கைக்கும் அலைந்த குடும்பங்களைக் கண்ட மக்கள் ஊசிக்கு விரைந்தார்கள். ‘தடுப்பூசி இருப்பு இல்லை’ என்ற அறிவிப்புதான் அவர்களை எதிர்கொண்டது. விடியற்காலையிலேயே டோக்கனுக்கு வரிசை நின்றது. அதற்கு முன் இந்தியா 6 கோடிக்கும் மேற்பட்ட டோஸ்களை வெளிநாடுகளுக்கு அனுப்பியிருந்தது பெரும் விவாதமானது.

மே 1 முதல் 18 வயது நிறைந்த அனைவருக்கும் அனுமதி கிடைத்தது. கூடவே விலையும் பிரிந்தது. கோவிஷீல்டு ஒன்றிய அரசுக்கு 150 ரூபாய், மாநிலங்களுக்கு 300, தனியார் மருத்துவமனைகளுக்கு 600. தமிழ்நாடு உலகளாவிய டெண்டர் கோரியும் ஒருவரும் முன்வரவில்லை. செங்கல்பட்டில் பொதுப்பணத்தில் கட்டப்பட்ட ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் உற்பத்தியின்றிக் கிடந்ததைச் சுட்டி, அதை மாநிலத்திடம் ஒப்படைக்குமாறு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 18 முதல் 44 வயதினருக்கு மாநிலமே பணம் கட்டிப் போட வேண்டும் என்ற கொள்கையை, முதல் பார்வையிலேயே தன்னிச்சையானது, அறிவுக்குப் பொருந்தாதது என்று உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. ஜூன் 21 முதல் அரசு மையங்களில் அனைவருக்கும் இலவசம் என ஒன்றிய அரசு மாற்றிக்கொண்டது.

ஊசிக்கு முன்பதிவு செய்வதற்கான கோவின் இணையதளம் இன்னொரு தடை. கைபேசியும் ஆங்கிலமும் கைவசம் உள்ளவர்களுக்கு இடம் கிடைத்தது. கூலித் தொழிலாளிக்கு அது எட்டவில்லை. ஜூன் தொடக்கத்தில் பல இந்திய மொழிகள் சேர்க்கப்பட்டபோது தமிழ் விடுபட்டது. தமிழக அரசு கேட்ட பிறகே இடம்பெற்றது. கோவிஷீல்டின் இரண்டு டோஸ்களுக்கு இடையிலான இடைவெளி 4 வாரத்திலிருந்து 6 முதல் 8 வாரமாகவும், மே மாதத்தில் 12 முதல் 16 வாரமாகவும் மாறியது. ஆய்வு முடிவுகள் காரணமாகச் சொல்லப்பட்டாலும், மருந்து இல்லாததால்தான் தள்ளிப்போடுகிறார்கள் என்றே பலர் எண்ணினார்கள். வளைகுடா நாடுகளுக்குத் திரும்ப வேண்டிய தொழிலாளர்கள், கோவாக்சினை அந்நாடுகள் ஏற்குமா என்று தெரியாமல் தவித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் அதை நவம்பர் 3 அன்றுதான் அங்கீகரித்தது.

ஊர் தேடிச் சென்ற ஊசி

தமிழ்நாட்டில் திருப்பம் தந்தவை நேரடி முயற்சிகள். மே 20 அன்று 18 முதல் 44 வயதினருக்கான ஊசி திருப்பூரில் பின்னலாடைத் தொழிலாளர்களிடையே தொடங்கியது. சென்னையை அடுத்த கோவளம் மீனவ கிராமத்தில் பிரியாணியும் குலுக்கல் பரிசும் தந்து தன்னார்வலர்கள் மக்களை அழைத்துவந்தார்கள். நீலகிரியில் செவிலியர்கள் பழங்குடி ஊர்களுக்கே நடந்து சென்றார்கள். செப்டம்பர் 12 ஞாயிறன்று 40,000 இடங்களில் நடந்த முதல் மெகா முகாமில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டார்கள்.

ஆனால் ஞாயிறு முகாம்களுக்கு ஒரு பகுதி மக்கள் வரவில்லை. கறிச்சோறு சாப்பிட்டாலோ மது குடித்தாலோ ஊசி போடக்கூடாது என்று அவர்கள் நம்பியதை அறிந்த அமைச்சர் மா. சுப்பிரமணியன், அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார். நம்பிக்கையைப் பழிக்காமல் கிழமையை மாற்றிய இந்த முடிவு சிறியதுதான். ஆனால் மக்களின் சொல்லைக் காதுகொடுத்துக் கேட்ட நிர்வாகத்துக்கு நல்ல சான்று.

கட்டாயமும் உரிமையும்

2021 பிற்பகுதியில் கட்டாயம் தலைதூக்கியது. நீலகிரியில் டாஸ்மாக் கடைகளில் மது வாங்கச் சான்றிதழ் கேட்கப்பட்டது; நவம்பரில் பொது இடங்களுக்கு வரத் தடுப்பூசி கட்டாயம் என மாநிலப் பொது சுகாதாரத் துறை அறிவித்தது. மருத்துவர் ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில் 2022 மே 2 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தடுப்பூசிக் கொள்கை நியாயமானதே என்று ஏற்றது. அதே வேளையில், எவரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, உடல் மீதான உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவில் அடங்கும் என்றது. பக்கவிளைவு அறிக்கைகளை மக்கள் பார்க்கும்படி வெளியிடவும் பணித்தது.

மதிப்பீடு

ஊசிக்குப் பின் அரை மணி நேரம் உட்காரவைத்ததும், கையில் கொடுத்த பாராசிட்டமால் மாத்திரையும், அன்றிரவு வந்த காய்ச்சலும்தான் பெரும்பாலோரின் அனுபவம். அரிதான பாதிப்புகளும் மெய்யானவை. கோவிஷீல்டுடன் தொடர்புள்ளதாகக் கருதத்தக்க 26 ரத்த உறைவு நிகழ்வுகளை, 10 லட்சம் டோஸுக்கு 0.61 என்ற விகிதத்தில், தேசியக் குழு 2021 மே மாதத்திலேயே பதிவுசெய்தது. 2024-இல் கோவிஷீல்டின் மூல மருந்தை உருவாக்கிய அஸ்ட்ராஜெனெகா நிறுவனம் பிரிட்டன் நீதிமன்றத்தில் இத்தகைய அரிய பாதிப்பை ஒப்புக்கொண்ட செய்தி வந்தபோது, இங்கே பலர் அதை முதன்முறையாகக் கேள்விப்பட்டு அதிர்ந்தார்கள். எண்ணிக்கை முன்பே வெளியாகியிருந்தும் ஊர்வரை போய்ச் சேரவில்லை.

கோடிக்கணக்கானவர்களைக் கடும் நோயிலிருந்தும் மரணத்திலிருந்தும் காத்த திட்டம் இது. அதன் வரலாறு அடுத்த தடுப்பூசித் திட்டத்துக்குச் சொல்வது ஒன்றுதான்: மருந்துக் குப்பியோடு அதன் பயனையும் அபாயத்தையும் பற்றிய உண்மையும் அதே வேகத்தில், மக்களின் மொழியில், கடைசி ஊர்வரை போய்ச் சேர வேண்டும்.