ஆவணமிலார் வரலாறும் புனைகதை உத்தியும்

ஒரு குடியின் வரலாற்றை அரசாங்க ஏடுகள் எழுதாதுவிடின், அது பாட்டாகவும் கதையாகவும் வாழும். அதனை எழுத்திலேற்ற முற்படுவோர்க்கு, தொடக்கம் முதல் முடிவுவரை நேராய்ச் செல்லும் நாவல் வடிவம் சிலவேளை போதாதாகிறது. கதை துண்டுபடுதல், ஒரு நிகழ்ச்சியே பல வகையாய்க் கூறப்படுதல், பழங்கதையும் சட்டமும் புனைவும் கலந்துவருதல் முதலியவற்றைப் பின்நவீனத்துவ உத்திகள் எனத் திறனாய்வாளர் வகுப்பர். புலம்பெயர்ந்த சீனர் எழுத்தில் இவை தோன்றியமைக்குப் புதுமை வேட்கை மட்டுமன்றி, வரலாற்றுத் தேவையும் காரணமாகும்.

1940ஆம் ஆண்டு கலிபோர்னியாவிற் பிறந்த மாக்சீன் ஹொங் கிங்ஸ்டன் 1980இல் வெளியிட்ட 'சைனா மென்', ஹவாய்க் கரும்புத் தோட்டங்களிலும் அமெரிக்க இருப்புப்பாதையிலும் உழைத்த முன்னோரைப் பற்றிய நூலாகும். தந்தை அமெரிக்கா வந்த வகை அதில் ஒன்றுக்கு மேற்பட்ட விதமாய்க் கூறப்படுகின்றது. நூலின் நடுவே கதை நின்றுவிட, சீனரைப் பற்றிய சட்டங்கள் ஆண்டு முறையாய் அடுக்கப்படுகின்றன. 1882ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளர் வருகையைத் தடுத்தது. 1906இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தை அடுத்தெழுந்த தீயில் பதிவேடுகள் எரிந்தன. அதன்பின், அந்நாட்டிற் பிறந்தோரின் மைந்தரெனப் பலர் பிறர் பெயரில் நுழைந்தனர். மெய்ப்பெயர் வெளிப்படின் நாடுகடத்தப்படுவோம் என்னும் அச்சம் நிலவிய இல்லத்திலே, தந்தையின் கதை ஒன்றாய் நிற்றல் எங்ஙனம் இயலும்?

இலங்கை மலைநாட்டிலோ நிலைமை மறுதலையாயிற்று. அங்கே ஏடு எரிந்தமை வாயிலைத் திறந்தது. இங்கே ஏடின்மை வாயிலை அடைத்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, இலங்கையிற் பிறந்தவனும் தன் தந்தை, அன்றேல் பாட்டனும் பூட்டனும், இந்நாட்டிற் பிறந்தமையை நாட்டல் வேண்டும். 1949ஆம் ஆண்டுச் சட்டம் மணமானோர்க்கு 7 ஆண்டும் மணமாகாதோர்க்கு 10 ஆண்டும் இடையறாது வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. திம்புள்ளப் பள்ளத்தாக்கின் லயங்களிற் பிறந்த பலரிடம் பிறப்புப் பத்திரமே இருந்திலது.

இச்சூழலிலேதான் சி. வி. வேலுப்பிள்ளை எழுதினார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் புகுந்த அவர், தோட்டத்துப் பாடல்களைத் திரட்டினார். 'உழைக்கப் பிறந்தவர்' எனப் பொருள்படும் ஆங்கில நூலை 1970இல் வெளியிட்டு, தோட்ட மாந்தரைத் தனித்தனியே தீட்டினார். 'வீடற்றவன்' என்னும் நாவலும் படைத்தார். பாட்டும் சித்திரமும் நாவலுமாய் அவர் எழுத்தும் பலதிறப்பட்டதே. ஆயினும் ஒரு நிகழ்ச்சியை இருவகையாய்க் கூறி, எது மெய்யென ஐயுறவைக்கும் உத்தியை அவர் நாடினாரல்லர். சான்று கேட்கப்பட்டு நிற்கும் மக்களின் எழுத்தாளன் சாட்சியாகவே பேசுகின்றான். ஐயத்தோடு விளையாடும் வாய்ப்பு அவனுக்கில்லை. நேர்நடை அவர்க்குப் பழமைப் பற்றன்று. மக்களுக்காக அவர் ஏற்ற பொறுப்பாகும்.

2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோர்க்குப் பிரசாவுரிமை வழங்கிற்று. ஆகவே, சான்றுரைக்கும் சுமை நீங்கிய புதிய தலைமுறை எம்முறையிலும் எழுதலாம். அதற்கு முதற்பொருள் முதியோரின் நினைவேயாம். பாட்டனார் கடல் கடந்து வந்த வரலாற்றைப் பாட்டியார் ஒருவாறும் மாமன் வேறொருவாறும் கூறுவாராயின், ஒன்றைத் தள்ளாது இரண்டையும் குறித்துவைத்தல் மலைநாட்டு மாணவரின் கடனாகும். அம்முரண்பாடும் வரலாறே.