இணையவழிச் சொற்செயலிகளும் வட்டத் தலைநகரத்து எழுத்து வேலையும்

இணையவழிச் சொற்செயலி என்பது, கணினியில் தனியாக நிறுவாமல் இணைய உலாவிக்குள்ளேயே ஆவணங்களைத் தட்டச்சு செய்யவும் திருத்தவும் சேமிக்கவும் உதவும் மென்பொருள் ஆகும். கூகுள் டாக்ஸ், சோகோ ரைட்டர், மைக்ரோசாப்ட் வேர்டின் இணையப் பதிப்பு ஆகியவை இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. பலர் ஒரே நேரத்தில் ஒரே ஆவணத்தில் வேலை செய்யலாம். கணினி பழுதானாலும் கோப்பு அழியாது. தனிநபர் பயன்பாட்டுக்குப் பெரும்பாலும் கட்டணமும் இல்லை. ஆயினும் இவை தோன்றி இருபது ஆண்டுகள் ஆன பின்பும், தருமபுரி மாவட்டத்தின் பாலக்கோடு போன்ற வட்டத் தலைநகரங்களில் மனு, ஒப்பந்தப் பத்திரம், திருமண அழைப்பிதழ், பில் புத்தகம் என நடக்கும் அன்றாட எழுத்து வேலை முழுமையாக இவற்றின் பக்கம் வந்துவிடவில்லை. பழக்கத்தின் பிடிவாதம் என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் காரணத்தின் பெரும்பகுதி தமிழ்க் கணிமையின் வரலாற்றில் இருக்கிறது.

சென்னையில் ஒரு தொடக்கம்

இணையவழிச் சொற்செயலி வெளிநாட்டிலிருந்து மட்டும் வந்த பொருள் அன்று. ஸ்ரீதர் வேம்பு தலைமையில் சென்னையில் இயங்கிவந்த அட்வென்ட்நெட் நிறுவனம் 2005-ஆம் ஆண்டிலேயே சோகோ ரைட்டரை வெளியிட்டது. அந்நிறுவனமே 2009-இல் சோகோ எனப் பெயர் மாறியது. அதே 2005-இல் அமெரிக்காவில் அப்ஸ்டார்ட்டில் என்ற சிறு நிறுவனம் ரைட்லி என்ற செயலியை உருவாக்கியது. 2006 மார்ச்சில் கூகுள் அதை வாங்கியது. இன்றைய கூகுள் டாக்ஸ் அதிலிருந்து வளர்ந்ததே.

இரண்டுக்கும் முதல் நாளிலிருந்தே ஒரு குறை இருந்தது. இணைப்பு அறுந்தால் வேலை நின்றுவிடும். இதைத் தீர்க்க 2007-இல் கூகுள் கியர்ஸ் என்ற கருவியைக் கூகுள் வெளியிட்டது. உலாவிக்குள்ளேயே தரவைத் தற்காலிகமாகச் சேமித்து, இணைப்பு திரும்பியதும் வழங்கிக்கு அனுப்புவது அதன் பணி. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கருவியைக் கொண்டு இணைப்பின்றித் திருத்தும் வசதியை முதலில் தந்தது கூகுள் அன்று. 2007 நவம்பரில் சோகோ ரைட்டர் தந்துவிட்டது. கூகுள் டாக்ஸுக்கு அது 2008-இல்தான் வந்தது. 2010 மே மாதம் கூகுள் அந்த வசதியை நீக்கியது. வேறு தொழில்நுட்பத்தில் அது மீண்டும் வர 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த இரண்டாண்டு இடைவெளி தமிழ்நாட்டுக்கு முக்கியமானது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. தக்காளிச் சந்தையாலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையாலும் அறியப்பட்ட பாலக்கோட்டைச் சுற்றியுள்ள கிராமங்களிலும், பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுவாகவே இருந்தது. விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. இணைய இணைப்பு இல்லை. சென்னைக்கு வெளியே மின்வெட்டு பல மணி நேரம் நீடித்த காலம் அது. மின்சாரம் போனாலும் மடிக்கணினி சற்று நேரம் தாக்குப்பிடிக்கும், மோடம் தாக்குப்பிடிக்காது. கைப்பேசித் தரவு மலிவானது 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகுதான். எனவே ஒரு தலைமுறை மாணவர்கள் கணினியில் எழுதக் கற்றது நிறுவப்பட்ட மென்பொருளில்தான்.

எழுத்துருவே முதன்மைத் தடை

இணைப்புச் சிக்கல் இன்று பெருமளவு குறைந்துவிட்டது. குறையாமல் நிற்பது எழுத்துரு. இதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னே செல்ல வேண்டும்.

1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் விண்டோஸில் அது உண்மையில் வேலை செய்தது, லதா எழுத்துருவுடன் வந்த விண்டோஸ் 2000-இல்தான். அதற்குள் அச்சகங்களும் அலுவலகங்களும் வேறு வழியைக் கண்டுபிடித்திருந்தன. பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துக்கான இடத்தில் தமிழ் வடிவம் வைக்கப்பட்டிருக்கும். கணினிக்கு அது தமிழ் என்றே தெரியாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனிக் குறியேற்றம் இருந்ததால் ஒருவர் கோப்பு மற்றவர் கணினியில் திறக்காது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு, தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியேற்றங்களையும் முன்வைத்தது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே. 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்16 குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது.

ஆணை வந்தது, பழைய கோப்புகள் அப்படியே இருந்தன. ஒரு டி.டி.பி. கடையின் உண்மையான சொத்து கணினி அன்று, அதில் பல்லாண்டுகளாகச் சேர்ந்த மாதிரிகள்: வாடகை ஒப்பந்தம், பிரமாணப் பத்திரம், பட்டா மாறுதல் மனு, அழைப்பிதழ். பெயரையும் புல எண்ணையும் மாற்றினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். அந்த மாதிரிகள் வானவில்லிலோ பாமினியிலோ இருந்தால், கூகுள் டாக்ஸில் ஏற்றியதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். சொந்தக் கணினியிலானால் அந்த எழுத்துருவை நிறுவினால் போதும். கூகுள் டாக்ஸிலோ பயனர் தம் எழுத்துருவைச் சேர்க்க வழியில்லை. அதன் பட்டியலில் உள்ளவற்றையே பயன்படுத்த வேண்டும். காதமரன், முக்த மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, பவானம் எனத் தமிழுக்கு அழகிய ஒருங்குறி எழுத்துருக்கள் அங்கே சேர்ந்துள்ளன என்பது உண்மை. ஆனால் அவை பழைய கோப்பைப் படிக்க உதவா.

மாற்றி மென்பொருள்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். பொங்குதமிழ், என்.எச்.எம். மாற்றி போன்றவை இந்த இடைவெளியை அடைக்கப் பெரும் தொண்டு செய்துள்ளன. எனினும் மாற்றும்போது எழுத்து மட்டுமே மாறும். கட்டங்கள், இடைவெளிகள், இடையே வரும் ஆங்கிலப் பெயர்கள், எண்கள் ஆகியவற்றைக் கையால் சரிபார்க்க வேண்டும். புல எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் மனு திரும்பி வரும். ஜமாபந்தி நாளில் வரிசையில் நிற்கும் விவசாயிக்கு அது ஒரு நாள் கூலி இழப்பு. இரண்டாம் முறை தட்டச்சுக் கட்டணமும் சேரும்.

எதிர்த்திசையிலும் தடை உண்டு. பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும் பதிப்பு 2001-இல் வந்த 7.0, அது ஒருங்குறித் தமிழை ஏற்காது. அதற்குப் பின்வந்த இன்டிசைன், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளை முறையாக ஆதரித்தது 2012-இல் வெளியான சி.எஸ்.6 பதிப்பில். பேஜ்மேக்கரையே நம்பியிருக்கும் அச்சகத்துக்கு, இணையச் சொற்செயலியில் எழுதிய கட்டுரை நேரடியாகப் பயன்படாது.

தாளும் அச்சும்

உலாவிக்குள் அழகாகத் தெரியும் பக்கம் தாளில் அதே இடத்தில் விழ வேண்டும். முத்திரைத்தாளில் இது விளையாட்டல்ல. அதன் மேற்பகுதியில் முத்திரை அச்சிடப்பட்டிருக்கும். வாசகம் அதற்குக் கீழே தொடங்க வேண்டும். கூகுள் டாக்ஸ் போன்றவை ஆவணத்தை முதலில் பி.டி.எஃப். ஆக மாற்றி, பிறகு உலாவி வழியாக அச்சுப்பொறிக்கு அனுப்புகின்றன. அங்கே ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தேர்வு தெரியாமல் இருந்துவிட்டால் எல்லா வரியும் சுருங்கி இடம் மாறும். வெள்ளைத்தாள் கெட்டால் எடுத்துப்போடலாம்; காசு கொடுத்து வாங்கிய முத்திரைத்தாள் கெட்டால் யார் பொறுப்பு?

தாளின் அளவும் ஒரு சிக்கல். கூகுள் டாக்ஸில் பக்க அளவை நெடுங்காலம் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுக்க முடிந்தது. அழைப்பிதழ் அட்டையும் மண்டி பில் புத்தகமும் அந்தப் பட்டியலில் இல்லாத அளவுகள். ஒரே ஆவணத்தில் சில பக்கங்களை நெடுக்காகவும் சிலவற்றைக் கிடையாகவும் வைக்கும் வசதிகூட அதற்கு 2020-இல்தான் வந்தது.

பட்டியல் இடுவோருக்கு இன்னொரு தொல்லை, அகரவரிசை. ஒருங்குறியின் குறியெண் வரிசையில் ‘ன’ எழுத்து ‘ப’ எழுத்துக்கு முன்னே நிற்கிறது. புள்ளியின் குறியெண் உயிர்மெய்க் குறிகளுக்குப் பின் வருவதால் ‘க்’ என்பது ‘கௌ’ எழுத்துக்கும் பின்னே போகிறது. குறியெண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் கருவியில் உறுப்பினர் பட்டியல் தமிழ் அகராதி வரிசைக்கு வராது. இது இணையச் சொற்செயலிக்கு மட்டும் உரிய குறை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும்.

யாருடைய கணக்கு?

சொற்செயலியைத் திறக்க ஒரு கணக்கு வேண்டும். வீட்டில் தனிக் கணினி வைத்திருப்பவருக்கு இது பொருட்டல்ல. கடையில் மனு எழுதவருபவர் தம் கணக்கில் நுழைந்தால் கடவுச்சொல் வேண்டும், கைப்பேசிக்கு ஒருமுறைக் கடவுச்சொல் வர வேண்டும், எழுந்து போகும்போது மறக்காமல் வெளியேறவும் வேண்டும். கடைக்காரர் கணக்கில் எழுதினால் ஊரார் பெயர், முகவரி, ஆதார் எண், நிலத்தகராறு எல்லாம் அந்த ஒரே கணக்கில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும்.

கணக்கைக் கடந்து, சேவை வழங்கும் நிறுவனத்தின் கையிலும் ஆவணம் சிக்கக்கூடும். 2017 அக்டோபர் 31 அன்று, விதிகளை மீறியதாகத் தவறாகக் குறிக்கப்பட்டு, உலகெங்கும் சிலருடைய கூகுள் டாக்ஸ் ஆவணங்கள் அவர்களுக்கே திறக்காமல் போயின. மென்பொருளில் செய்த மாற்றமொன்றின் பிழை அது என்று கூகுள் விளக்கியது. 2020 டிசம்பர் 14 மாலை, உள்நுழைவு அமைப்பு செயலிழந்து சுமார் முக்கால் மணி நேரம் கூகுள் சேவைகள் நின்றன. அரசாணையும் இணைப்பை அறுக்கலாம்: தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் 2018 மே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் சில நாள்கள் முடக்கப்பட்டது. மனுவும் புகாரும் அறிக்கையும் மிகவும் தேவைப்பட்ட நாள்கள் அவை.

இன்றைய நிலை

இவ்வளவுக்குப் பிறகும் இணையச் சொற்செயலிகள் தமிழுக்குச் செய்த நன்மையைக் குறைத்துச் சொல்ல முடியாது. கூகுளின் எழுத்துணரி வழியாகவே தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்கள் பெருமளவில் தட்டச்சு உரையாக மாறின. 2025 அக்டோபரில் ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் உயர்கல்வித் துறை, ஆவண வேலைகளுக்குச் சோகோவின் அலுவலகத் தொகுப்பைப் பயன்படுத்துமாறு தன் அலுவலர்களைப் பணித்தது. சென்னையில் பிறந்த செயலி தில்லி அலுவலக மேசையை அடைய இருபது ஆண்டுகள் ஆயின.

சிறுநகரக் கடைகளில் இப்போது உருவாகியிருப்பது ஒரு கலப்பு முறை. வாடிக்கையாளர் கைப்பேசியில் ஒருங்குறியில் அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். கடைக்காரர் அதை நகலெடுத்து மாற்றியில் இட்டு, வானவில்லுக்குக் கொண்டுவந்து, பேஜ்மேக்கரில் அமைத்து, தாளில் எடுத்துத் தருகிறார். பிழைதிருத்தம் மட்டும் இன்னும் அச்சிட்ட தாளில், பேனாவால் நடக்கிறது.