ஹால் கூல்... பெட்ரூம் மட்டும் அனல்! ஒரே வீட்டில் ஏன் இப்படி? சரி செய்வது எப்படி?

கீழே ஹாலில் ஒரு ஃபேன் போட்டாலே போதும். ஆனால் மாடி பெட்ரூமில் காலை வைத்தால் அடுப்பு பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். கோடை வந்தால் பல வீடுகளில் இதுதான் கதை. உடனே "இன்னொரு ஏசி வாங்கிடலாமா?" என்ற பேச்சும் வந்துவிடும். அதற்கு முன், அந்த ரூமுக்குள் சூடு எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடியுங்கள்.

சூடு எங்கிருந்து வருது?

மொட்டை மாடி: சித்திரை மாதத்தில் சென்னையில் சூரியன் நடுப்பகலில் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். அதனால் சுவரை விட கூரையில்தான் வெயில் அதிகம் விழும். கான்கிரீட் பகல் முழுக்க சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, இரவில் மெல்ல உள்ளே விடும். ஃபேன் போட்டதும் அனல் காற்று இறங்கினால் கூரைதான் காரணம்.

மேற்குச் சுவர்: மதியத்துக்கு மேல் வெயில் நேராக இதில் அடிக்கும். இரவு 7 மணிக்கு நான்கு சுவர்களையும் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ, அங்கேதான் வேலை இருக்கிறது.

ஜன்னல்: கண்ணாடி வழியாக வெயில் சுலபமாக உள்ளே வந்துவிடும். உள்ளே வந்த சூடு அவ்வளவு சுலபமாக வெளியே போகாது. ஒரே ஒரு ஜன்னல் உள்ள ரூமில் காற்று ஓட்டமும் இருக்காது.

என்ன பண்ணலாம்?

* மொட்டை மாடியில் வெள்ளை நிற கூல் ரூஃப் பெயின்ட் அடிக்கலாம். வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். பட்ஜெட் கம்மியா? சுண்ணாம்பு போதும். மழையில் கரைந்துவிடும் என்பதால் வருஷா வருஷம் அடிக்க வேண்டும். தூசி படிந்தால் பலன் குறையும், அடிக்கடி கூட்டிவிடுங்கள். தெலங்கானா அரசு இதற்காகவே 2023-ல் தனிக் கொள்கை கொண்டு வந்தது.

* வாடகை வீடா? ஓனரிடம் கேட்டுவிட்டு மாடியில் பச்சை வலை கட்டலாம். வலைக்கும் தரைக்கும் நடுவே காற்று போக இடைவெளி வேண்டும்.

* மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள். உள்ளே போடும் ஸ்கிரீனை விட இது நல்லது. காரணம், வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே தடுத்துவிடும்.

* வெளியே சூடு அதிகமாக இருக்கும் பகலில் ஜன்னலை மூடுங்கள். இரவில் வெளிக்காற்று குளிர்ந்ததும் எதிரெதிர் ஜன்னல், கதவுகளைத் திறங்கள். டேபிள் ஃபேனை ஜன்னலைப் பார்த்து வைத்தால் உள்ளே இருக்கும் அனலை வெளியே தள்ளும்.

* ஈர வெட்டிவேர் தட்டி, ஏர் கூலர் இரண்டும் வேலூர், திருச்சி, மதுரை போன்ற வறண்ட காற்று உள்ள ஊர்களில் நன்றாக வேலை செய்யும். கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் அதிகம். அதனால் அங்கே புழுக்கம்தான் கூடும்.

ஏசி இருந்தும் ரூம் குளிரலையா?

முதலில் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். கதவுக்குக் கீழே இடைவெளி இருந்தால் அடையுங்கள். அவுட்டோர் யூனிட்டைச் சுற்றிக் காற்று போக இடம் விடுங்கள். 18-ல் வைப்பதால் ரூம் சீக்கிரம் குளிராது, மெஷின்தான் அதிக நேரம் ஓடும். நட்சத்திரக் குறியீடு உள்ள ரூம் ஏசிகளுக்கு 2020 முதல் 24 டிகிரிதான் டீஃபால்ட். அதோடு ஃபேனையும் போட்டால் போதும். இத்தனைக்குப் பிறகும் குளிரவில்லை என்றால் கேஸ் அளவையும், ரூமுக்கு ஏற்ற டன்தானா என்பதையும் மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த ரூமில் யார் தூங்குறாங்க?

பெயின்ட் அடிக்க நாளாகலாம். ஆனால் படுக்கையை இன்றைக்கே மாற்றலாம். வெப்ப அலை நாட்களில் ரூம் வெப்பநிலையைப் பகலில் 32, இரவில் 24 டிகிரிக்குக் கீழ் வைக்க முயல வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்ம ஊரில் ஏசி இல்லாமல் 24 கஷ்டம்தான். அதனால் வயதானவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகளுக்கு வீட்டிலேயே குளிர்ச்சியான ரூமைக் கொடுங்கள். 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் காற்று உடம்பை இன்னும் சூடாக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

உடம்பு கொதித்து, பேச்சு குழறினாலோ மயங்கினாலோ காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்துவிட்டு, ஈரத்துணியால் உடம்பைக் குளிர வைத்து விசிறிக்கொண்டே இருங்கள்.