இந்தியானா புளோயர் ஒரகடம் வந்த கதை

ரூட்ஸ் புளோயர் என்ற காற்றூதும் பெட்டி பிறந்த ஊர் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் உள்ள கானர்ஸ்வில். உருவாக்கியவர்கள் பிலாண்டர் ரூட்ஸ், பிரான்சிஸ் ரூட்ஸ் என்ற அண்ணன் தம்பி. கம்பளி ஆலை நடத்தியவர்கள். ஆலையின் நீர்ச்சக்கரம் சரியாக இழுக்காததால், ஒரு பெட்டிக்குள் எட்டு வடிவத்தில் இரண்டு மர உருளைகளைப் பொருத்திப் பார்த்தார்கள். தண்ணீரில் மரம் உப்பி, உருளைகள் சிக்கிக்கொண்டன. கழற்றிச் செதுக்கி மறுபடி மாட்டி, தண்ணீர் விடாமல் சும்மா சுற்றிப் பார்த்தபோது மறுபக்கத்தில் காற்று பீறிட்டது. பக்கத்தில் நின்ற வார்ப்பாலைக்காரரின் தொப்பி பறந்ததாகவும், இதை வைத்து இரும்பு உருக்கலாமே என்று அவர்தான் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. தொப்பிக்கு சாட்சி கிடையாது. சகோதரர்கள் 1860-ல் வாங்கிய காப்புரிமைக்கு இருக்கிறது.

இன்று காரில் மாட்டி ‘சூப்பர்சார்ஜர்’ என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதில் பெரும்பங்கு இந்தப் பெட்டியின் வாரிசுகள்தான். அதன் இளமைக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. வார்ப்பாலை உலைக்கு ஊதியது, சுரங்கத்துக்குள் நல்ல காற்றை அனுப்பியது. 1870-ல் நியூயார்க்கில் ஆல்பிரட் பீச் என்பவர் தரைக்கடியில் குழாய் தோண்டி, காற்றை ஊதியே ஒரு ரயில் பெட்டியைத் தள்ளிக் காட்டினார். அங்கே ஊதியதும் ஒரு ரூட்ஸ் புளோயர்தான். இரைச்சலைக் கேட்டவர்கள் ‘மேற்கத்திய சூறாவளி’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

உள்ளே பெரிய மர்மம் எதுவும் இல்லை. இரண்டு ரோட்டர்கள், ஒன்றைக் கையால் திருப்பினால் பல்சக்கரம் வழியாக மற்றதும் எதிர்ப்பக்கம் திரும்பும். ஒன்றோடு ஒன்று உரசாது, சுவரையும் தொடாது. நடுவில் மயிரிழை இடைவெளி. ஒரு பக்கத்துக் காற்றைச் சுவரோரமாக அள்ளிக்கொண்டு போய் மறுபக்கம் கொட்டும், அவ்வளவுதான் வேலை. பெட்டிக்குள் காற்று அழுத்தப்படுவதில்லை. கொட்டுகிற இடத்தில் வழி போதாமல் நெரிசல் உண்டாகி, அங்கேதான் அழுத்தம் ஏறுகிறது.

எஞ்சினுக்குள் பெட்ரோல் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். அதை எரிக்கக் காற்று வேண்டும். பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக உறிஞ்சுகிற காற்றுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் வேண்டுமானால் ஊதித் திணிக்க வேண்டும். பந்தயக் கார்களிலும் விமானங்களிலும் பலர் முயன்ற பிறகு, 1921-ல் பெர்லின் கார் கண்காட்சியில் மெர்சிடிஸ் சூப்பர்சார்ஜர் வைத்த கார்களை விற்பனைக்கே காட்டியது. ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தால் மட்டும் கிளட்ச் சேர்ந்து புளோயர் ஓடும். ஓடும்போது ஊளையிடும். அந்த ஊளைக்காகவே வாங்கியவர்களும் இருந்திருப்பார்கள்.

‘வெளியிலிருந்து வாங்கி மாட்டுவது’ என்ற பழக்கத்துக்குப் பெரிய உதாரணம் பென்ட்லி. 1920-களின் கடைசியில் டிம் பிர்கின் என்ற பந்தய ஓட்டுநர், ஆம்ஹெர்ஸ்ட் வில்லியர்ஸ் வடிவமைத்த புளோயரை நாலரை லிட்டர் பென்ட்லியில் மாட்டத் துணிந்தார். டோரதி பேஜெட் என்ற பணக்காரப் பெண்மணி செலவை ஏற்றார். காரை உருவாக்கிய டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. சக்தி வேண்டுமென்றால் எஞ்சினைப் பெரிதாக்கு என்பது அவர் கட்சி. கார் என்னவோ பறந்தது. 1930 பிரெஞ்சு கிராண்ட் பிரியில் பிர்கின் இரண்டாவதாக வந்தார். ஆனால் எந்த லே மான் பந்தயத்தைக் குறிவைத்துப் புளோயர் மாட்டினார்களோ, அதை அது ஒருபோதும் ஜெயிக்கவில்லை. டபிள்யூ. ஓ.வின் பெரிய எஞ்சின் ஸ்பீட் சிக்ஸ், புளோயர் இல்லாமலே 1929-லும் 1930-லும் ஜெயித்தது. இன்று விலைமதிப்பற்றதாகக் கொண்டாடப்படுவது தோற்ற கார்தான். பந்தய உலகத்தின் நியாயம் இப்படித்தான்.

இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் விமானத்தை மெல்லிய காற்றிலும் மேலே ஏற்றியது விசிறிச் சக்கர வகை சூப்பர்சார்ஜர். ரூட்ஸ் புளோயருக்கு அது ஒன்றுவிட்ட தம்பி முறை. ரூட்ஸ் வகை அப்போது லாரியிலும் பஸ்ஸிலும் உழைத்துக்கொண்டிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1938 முதல் தயாரித்த டூ-ஸ்ட்ரோக் டீசல் எஞ்சினுக்கு, எரிந்த புகையைத் தள்ளிவிட்டுப் புதுக் காற்றை நிரப்பப் புளோயர் கட்டாயம். போர் முடிந்ததும் அவை பழைய இரும்புக் கடைகளுக்கு வந்தன. கலிபோர்னியாவில் பார்னி நவாரோ என்ற மெக்கானிக் அதில் ஒன்றை எடுத்து ஃபோர்டு வி-8 மேல் உட்காரவைத்தார். பானெட்டைப் பிய்த்துக்கொண்டு மேலே துருத்தி நிற்கும் புளோயரை ஆங்கிலப் படங்களில் பார்க்கிறோமே, அந்த மிடுக்கு லாரியிலிருந்து வந்தது.

இந்தப் புளோயர் எங்கள் ராஜகுளம் பக்கம் வந்து சேர்ந்த வழி கொஞ்சம் விசித்திரமானது. விடியற்காலையில் எங்கள் பக்கத்துப் பையன்கள் கம்பெனி பஸ் ஏறி ஷிப்டுக்குப் போகிற ஒரகடத்தில், 2010-ல் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. ஐரோப்பாவுக்கான நிசான் மைக்ரா அங்கே தயாராகி எண்ணூர் துறைமுகத்தில் கப்பலேறியது. அந்த ஐரோப்பிய மைக்ராவில் 2011-ல் டிஐஜி-எஸ் என்றொரு வகை வந்தது. 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர், கூடவே ஈட்டன் கம்பெனியின் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர். சாதாரண 1.2 எஞ்சின் 80 குதிரைசக்தி தந்த இடத்தில் இது 98 தந்தது. எரிபொருளை மிச்சம் பிடிப்பதுதான் உண்மையான நோக்கம். மெதுவாகப் போகும்போது கிளட்ச் விலகி புளோயர் ஓய்வெடுக்கும்; கிலோமீட்டருக்கு 95 கிராம் கார்பன் டையாக்ஸைடுதான் வெளியேறும். 1921 மெர்சிடிஸின் அதே கிளட்ச் யோசனை, இந்த முறை சிக்கனத்துக்காக. இந்தியாவில் விற்ற மைக்ராவுக்கு மட்டும் அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. நம்மவர்கள் பார்த்த சூப்பர்சார்ஜர், பெரும்பாலும் பின்பக்கத்தில் ‘கம்ப்ரஸர்’ என்று எழுதியிருந்த மெர்சிடிஸ் சி-கிளாஸ் செடான்களில்தான்.

உண்மையில் நாம் அன்றாடம் கேட்பது இதன் சத்தத்தைத்தான். சென்னை அடுக்குமாடிகளின் அடித்தளத்தில் கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டிக்குக் காற்று ஊதுகிற ‘ட்வின் லோப் புளோயர்’ கானர்ஸ்வில் பெட்டியேதான். தொழிற்பேட்டைகளின் கழிவுநீர்த் தொட்டிகளிலும் அது இரவு பகலாக ஓடுகிறது. முதல் மாடிக்காரர்கள் அசோசியேஷன் கூட்டத்தில் திட்டுவதும் அதையே.

என் அக்கா மகன் பழைய ஹோண்டா சிவிக் ஒன்று வாங்கினான். 1.8 லிட்டர், 132 குதிரைசக்தி. ஒருநாள் போனை நீட்டினான்: “மாமா, இதுல ஒரு சூப்பர்சார்ஜர் மாட்னா என்னா? அமெரிக்கால கிட்டாவே விக்கிறான்.”

மாட்டலாம். பிராக்கெட், நீள பெல்ட், புல்லி, குழாய்கள். நல்ல மெக்கானிக் கையில் இது சிரமமான வேலை இல்லை. தொல்லை அதற்கப்புறம்தான். வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. அதற்கு மேல் 7 பிஎஸ்ஐ திணித்தால், கணக்குப்படி கிட்டத்தட்ட பாதிப் பங்கு கூடுதல் காற்று. ஆனால் சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிற மாதிரி, அழுத்திய காற்று சுடும். மே மாதம் வாலாஜாபாத் ரோட்டில் 40 டிகிரியில் உள்ளே போகிற காற்று, புளோயரைத் தாண்டும்போது 100 டிகிரியைத் தொடும். சூடான காற்று விரியும் என்பதால், கணக்கில் வந்த லாபத்தில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். மிச்ச சூட்டில் பெட்ரோல் நேரம் தப்பி வெடித்து எஞ்சின் நாக்கிங் அடிக்கும். சிவிக் எஞ்சினின் கம்ப்ரஷன் ஏற்கெனவே 10.5. நாலு நாள் விடாமல் அடித்தால் பிஸ்டன் தாங்காது. எனவே இன்டர்கூலர் வேண்டும், பெரிய இன்ஜெக்டர் வேண்டும், எஞ்சினின் கணினியான ஈசியூவை மறுபடி மேப் செய்ய வேண்டும், கிளட்ச் தாங்குமா என்று பார்க்க வேண்டும். புளோயர் சும்மாவும் ஊதாது. டர்போ புகையின் வேகத்தில் சுற்றும்; இதற்கோ கிராங்கிலிருந்து பெல்ட் வழியாகக் கூலி கொடுத்தாக வேண்டும்.

சட்டம் இன்னொரு பக்கம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் பதிந்த விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. திருத்தியதைச் சொல்லாமல் விட்டால், விபத்து நடந்தபிறகு இன்சூரன்ஸில் கிளெய்ம் கேட்பது பெரும்பாடு. ஆசை அடங்காவிட்டால் இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தடம் இருக்கிறது. அந்தச் சத்தத்துக்கு அதுதான் இடம். உத்திரமேரூர் ரோட்டில் நெல் காயப்போட்டிருக்கும் பாதித் தாரில் 200 குதிரைகளை எங்கே ஓட்டுவது?

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். போனை வாங்கி விலையை மறுபடி ஒருமுறை பார்த்தான். “அப்போ மொதல்ல பிரேக் பேடு மாத்திடறேன் மாமா. பின்னாடி டயரும் போயிருக்கு” என்றான்.